இளமையாக்கினார் குளக்கரையில்

தில்லைக்குச் சென்று வந்தேன் என்று சொன்னால், "கூத்தப்பெருமானைக் கண்குளிரத் தரிசித்தீர்களா? சிதம்பர ரகசியம் பார்த்தீர்களா? கோவிந்தராஜரையும் சேவித்தீர்களா?" என்று கேட்பார்கள். "இளமையாக்கினார் கோயிலுக்குப் போனீர்களா?" என்று கேட்பவர் அரிது. அடியேனும் அதற்கு முன் நான்கைந்து முறை சிதம்பரம் சென்றதுண்டு. வங்கியில் ஆய்வுப் பணி பார்த்த காலத்தில் ஒரு வாரம் அங்கே தங்கியதும் உண்டு. ஆயினும் அந்தக் கோயிலின் வாசலை மிதித்ததில்லை. சென்ற மார்கழியின் தொடக்கத்தில் என்னை அங்கே அழைத்துச் சென்றவள் என் மனைவி.

ஆருத்ரா தரிசனத்தின் பெருங்கூட்டம் எங்கள் வயதுக்கு இனி ஒத்துவராது. எனக்கு வலது முழங்கால் தகராறு; கைத்தடி இல்லாமல் படியேற முடிவதில்லை. ஆகவே திருவிழா தொடங்குவதற்கு முன்பே சென்று நிதானமாகத் தரிசித்து வரலாம் என்று புறப்பட்டோம். கீழ வீதியை ஒட்டிய ஒரு விடுதியில் அறை. இரண்டு இரவு தங்குவதாக ஏற்பாடு.

முதல் நாள் காலை பொன்னம்பலத் தரிசனம். ஆடவர் மேலாடை களைந்து கனகசபையில் ஏறும் அந்த வழக்கத்தை அன்பர்கள் அறிவார்கள். மார்கழிக் குளிரில் வெற்றுடம்புடன் கைகூப்பி நிற்கையில் அதிகாரியும் இல்லை, ஓய்வூதியக்காரனும் இல்லை. ஒரு கிழவன் நிற்கிறான், அவ்வளவே. ஸ்படிக லிங்கத்துக்கு அபிஷேகம் நடந்தது. ரத்தினசபாபதிக்குப் பின்புறம் தீபம் காட்டும்போது அந்தச் சிறு திருமேனி தழல்போல் சிவந்து ஒளிர்ந்தது. திரை விலகி ரகசியத்தின் பொன் வில்வ மாலைகள் ஒரு கணம் மின்னி மறைந்தன. பக்கத்தில் நின்றவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இவ்வளவு தூரம் வந்து பார்க்க வேண்டிய நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிறாளே என்று எனக்குச் சிறு எரிச்சல்கூட வந்தது.

பொற்கூரையில் 21,600 ஓடுகள் வேய்ந்திருப்பதாகவும், அவை மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுக்களின் எண்ணிக்கையைக் குறிப்பதாகவும், ஓடுகளைப் பிணைக்கும் 72,000 ஆணிகள் நாடிகளைக் குறிப்பதாகவும் பெரியோர் கூறுவர். வங்கிக்காரன் புத்தி எங்கே போகும்? அங்கேயே தூணில் சாய்ந்தபடி கணக்குப் போட்டேன். நாளுக்கு 1,440 நிமிடங்கள். நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு. சரியாக வந்தது. "கணக்கு ஒத்துப்போகிறது" என்று மனைவியிடம் சொன்னேன். "எது?" என்றாள். விளக்கினேன். "மூச்சுக்கு ஒரு ஓடா? அப்படியானால் நாம் தூங்கும்போது விடும் மூச்சுக்கும் அங்கே தங்கம் உண்டு" என்றாள். அவள் இப்படி ஏதாவது சொல்வது வழக்கம். நான் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதும் வழக்கம்.

அன்று மதியம் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் கிடைத்தன. தில்லையில் இறைவனுக்கு நிவேதனமாகும் இந்தக் கொத்சுவின் பெருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் மனைவி ஒரு வாய் உண்டு, சற்று யோசித்துவிட்டு, "கத்தரிக்காயைச் சுட்டுத்தான் பிசைந்திருக்கிறார்கள். மல்லி கொஞ்சம் கூட" என்றாள். எங்கள் வீட்டில் கொத்சு நாற்பதாண்டுகளாக உண்டு. பணிக்காலத்தில் எனக்குப் பதினோரு ஊர்களுக்கு மாற்றல் வந்தது. ஊருக்கு ஊர் கத்தரிக்காய் வேறு, புளி வேறு, தண்ணீர் வேறு. இரண்டாண்டு வட இந்தியாவில் இருந்தபோது தலையளவு பெரிய கத்தரிக்காய்தான் சந்தையில் கிடைத்தது. அதையும் தணலில் சுட்டு, தோலுரித்து, இந்தச் சுவைக்குக் கொண்டுவந்துவிட்டாள். நான் அதைச் சாப்பிட்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி நினைத்ததில்லை.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு விழித்தபோது அவள் சேலை மாற்றிப் புறப்படத் தயாராக நின்றாள். எங்கே என்றேன். "வீதியில் கோலம் பார்த்துவிட்டு வருகிறேன். நீங்கள் படுங்கள்" என்றாள். இருட்டில் தனியாகப் போவதா என்று நானும் தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மார்கழி விடியலில் தில்லையின் தேர் வீதிகளைக் காணாதவர்கள் ஒருமுறை கண்டு வர வேண்டும். பனி இறங்கிக் கோபுரத்தின் மேல்நிலைகள் மறைந்திருந்தன. எங்கோ ஒலிபெருக்கியில் திருவெம்பாவை. சாணமிட்டு மெழுகிய தெரு ஈரத்தின் மேல் ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் குனிந்து நின்றாள். சில இடங்களில் தாயும் மகளும். ஒரு வாசலில் எழுபது கடந்த மூதாட்டி குனிய முடியாமல் சிறு முக்காலியில் அமர்ந்து, அதை நகர்த்தி நகர்த்திக் கோலமிட்டுக்கொண்டிருந்தார். கோலத்தின் நடுவே பரங்கிப்பூ.

என் மனைவி அந்த மூதாட்டியின் அருகே சென்று, "எத்தனை புள்ளிங்க அம்மா?" என்று கேட்டாள்.

"பதினைந்து. எட்டு முடிய. இடைப்புள்ளி."

அவ்வளவுதான் பேச்சு. பைக்குள்ளிருந்து ஒரு பழைய டைரியை எடுத்தாள். தெருவிளக்கின் கீழ் நின்று பென்சிலால் புள்ளி வைத்து, கோட்டை வளைத்து, மூதாட்டியின் கோலத்தை அப்படியே இறக்கிக்கொண்டாள். கம்பி எங்கும் அறுபடாமல் தொடங்கிய இடத்தில் வந்து சேர்ந்தது. மூதாட்டி எட்டிப் பார்த்து, "இந்த மூலையில் நான் கொஞ்சம் மாற்றிப் போடுவேன், மாமியார் வீட்டுப் பழக்கம்" என்று விரலால் காட்டினார். அவர்கள் இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த டைரியின் அட்டையை அப்போதுதான் கவனித்தேன். 2003ஆம் ஆண்டு. நான் பணிபுரிந்த வங்கியின் முத்திரை பொறித்தது. ஆண்டுதோறும் வங்கியில் தரும் டைரியை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் போடுவேன். பால் கணக்கு எழுதுகிறாள் என்று எண்ணியிருந்தேன். விடுதிக்குத் திரும்பியதும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஜனவரி முதல் தேதி தொடங்கி ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கோலம். சிக்குக் கோலம், படிக்கோலம், தேர், தொட்டில், மயில். சில பக்கங்களின் ஓரத்தில் சிறு குறிப்பு: 'மழை, உள்ளே போட்டது.' 'பெரியவனுக்குப் பரீட்சை.' 'மாவில் எறும்பு.' இன்று பார்த்த கோலத்தை அதன் கடைசிக் காலிப் பக்கம் ஒன்றில் இறக்கியிருந்தாள்.

"இதெல்லாம் எப்போது போட்டாய்?"

"போட்ட கோலத்தை அன்றைக்கே குறித்து வைப்பேன். பன்னிரண்டு மணிக்குள் அழிந்துவிடுமே."

"எல்லா வருஷத்து டைரியும் இருக்கிறதா?"

"95லிருந்து இருக்கிறது. பரணில், பித்தளைப் பாத்திர மூட்டைக்குப் பக்கத்தில்."

நான் எழுதிய பேரேடுகள் விதிப்படி சில ஆண்டுகள் பாதுகாக்கப்பட்டுப் பின்னர் அரைத்துக் கூழாக்கப்பட்டன. இவளுடைய பேரேடு பரணில் இருந்திருக்கிறது. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவன் மார்ச் 31இல் நின்றுவிட்டேன். முன்னும் பின்னும் நெருக்கமான கோலங்களுக்கு நடுவே அந்தப் பக்கத்தில் நான்கே புள்ளி. அதைச் சுற்றி ஒரே கம்பி. சிறுமிகள் முதன்முதலில் கற்றுக்கொள்ளும் கோலம். ஓரத்தில் குறிப்பு ஏதும் இல்லை.

நான் டைரியை மூடி அவளிடம் கொடுத்துவிட்டேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தத் தேதியை இங்கே விளக்க வேண்டியிருக்கிறது. 1994ஆம் ஆண்டு நான் சேலத்துக்கு அப்பால் ஒரு கிளையில் மேலாளர். வங்கியில் மார்ச் 31 என்றால் என்னவென்று அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். கணினி வராத காலம். ஒவ்வொரு பேரேட்டையும் கையால் கூட்டி, வட்டி கட்டி, பொதுப் பேரேட்டுடன் ஒத்துப்பார்த்து, நள்ளிரவானாலும் கணக்கை முடிக்க வேண்டும். அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு வங்கித் தொலைபேசியில் என் மைத்துனர் பேசினார். மயிலாடுதுறை அருகே கிராமத்தில் என் மாமனார் கவலைக்கிடமாக இருக்கிறார். உடனே தங்கையை அழைத்துக்கொண்டு புறப்படுங்கள் என்றார். ஆகட்டும் என்று வைத்தேன். வீட்டுக்கு ஆளனுப்பிச் சொல்லியிருக்கலாம். இரண்டு குழந்தைகளுடன் அவள் எப்படித் தனியாகப் போவாள், நான் இல்லாமல் ஏன் அலைய வேண்டும், மாலைக்குள் முடித்துவிட்டு நானே கூட்டிப்போகலாம் என்று எண்ணினேன். கணக்கு ஒத்துவரவில்லை. இரவு பத்தரைக்கு வீடு சென்று சொன்னேன். நள்ளிரவுப் பேருந்தில் ஏறி, காலையில் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் நினைவு இருந்தது. உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார்" என்று மாமியார் அழுதார். மைத்துனர் என்னைப் பார்த்து, "மத்தியானமே சொன்னேனே மாப்பிள்ளை" என்றார். அப்போது என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். காரியங்கள் முடிந்து ஊர் திரும்பிய அன்று நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "இதைப் பற்றி இனி நாம் பேச வேண்டாம்" என்றாள். நானும் அதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டேன். முப்பதாண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக நாங்கள் அதைப் பேசவில்லை. இல்லறத்தில் ஒரு குறையும் இல்லை. வேளைக்குக் காப்பி, குழந்தைகளின் படிப்பு, திருமணங்கள், உறவினர் வருகை, எல்லாம் முறைப்படி நடந்தன. அக்கம்பக்கத்தார் எங்களை ஒற்றுமையான தம்பதி என்பார்கள்.

டைரியைப் பார்த்த அன்று காலையில்தான், "இன்றைக்கு இளமையாக்கினார் கோயிலுக்குப் போகலாம்" என்றாள். கல்யாணத்துக்கு முன் தன் தகப்பனாருடன் ஒருமுறை வந்ததாகவும், தியாகராஜ பாகவதர் நடித்த 'திருநீலகண்டர்' படத்தின் கதையை வழியெல்லாம் அவர் சொல்லிக்கொண்டு வந்ததாகவும் கூறினாள். 1939இல் வெளிவந்த அந்தப் படம் நம்மில் மூத்த அன்பர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம்.

நடராஜர் கோயிலின் மேலைக் கோபுர வாயில் வழியே வெளிவந்தோம். அப்பர் பெருமான் தில்லைக்குள் நுழைந்தது இந்த வாயில் வழியாக என்பது மரபு. மேல வீதியைக் கடந்து, இன்னும் மேற்கே நடந்தால் இக்கோயில். முடியாதவர்களுக்கு ஆட்டோ கிடைக்கும். பழைய பெயர் திருப்புலீச்சுரம். புலிக்கால் முனிவராகிய வியாக்கிரபாதர் வழிபட்ட தலம். பெரிய கோயிலின் ஆரவாரம் இங்கே இல்லை. நாங்கள் சென்றபோது சந்நிதியில் எங்களைத் தவிர இருவர்தான். அர்ச்சகர் அவசரமில்லாமல் அர்ச்சனை செய்து, விபூதி தந்து, நாயனாரும் அவர் மனைவியாரும் ஒரு தண்டின் இரு முனைகளைப் பற்றியபடி நிற்கும் திருக்கோலத்தையும் காட்டினார். தை விசாகத்தில் நாயனாருக்குக் குருபூஜை. அன்று இங்கே கூட்டம் இருக்குமாம்.

சரிதம் அன்பர்கள் அறிந்ததே. ஆயினும் அந்த இடத்தில் நின்று நினைத்துப் பார்க்கும்போது புதிதாகச் சில தோன்றின. தில்லையில் வாழ்ந்த குயவர். சிவனடியார்களுக்குத் திருவோடு செய்து தருவதையே தொண்டாகக் கொண்டவர். சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் தில்லைவாழ் அந்தணரை முதலில் வைத்தார். அடுத்த இடத்தை மன்னருக்கோ முனிவருக்கோ தரவில்லை, இந்தக் குயவருக்குத் தந்தார். நாள்தோறும் ஒரே மண், ஒரே சக்கரம், ஒரே வடிவம். எந்த ஓட்டிலும் அவர் பெயர் இல்லை. வாங்கிச் சென்ற அடியவர் அதில் பிச்சை ஏற்று உண்டார்; உடைந்தால் எறிந்தார். மறுநாள் இன்னொன்று.

இல்லறத்தில் அவர் ஒருமுறை தவறினார். பரத்தையிடம் சென்று வந்தார். மனைவியார் வீட்டு வேலைகள் யாவும் செய்தார்; தம்மை அணுக மட்டும் இடந்தரவில்லை. கணவர் நெருங்கியபோது, எம்மைத் தீண்டினால் திருநீலகண்டத்தின்மேல் ஆணை என்றார். அந்த நாமம் கணவரின் உயிர். மேலும் 'என்னை' என்று சொல்லாமல் 'எம்மை' என்று பன்மையில் சொன்னதால், மாதர் எவரையும் மனத்தாலும் தீண்டேன் என்று அவர் கொண்டார். இருவரும் அதே சிறு வீட்டில், அயலார் அறியாதபடி, இளமை கழிந்து முதுமை எய்தும் வரை வாழ்ந்தனர்.

இதுவரை இந்தச் சரிதத்தைக் கேட்டபோதெல்லாம் நாயனாரின் உறுதியையே வியந்திருக்கிறேன். உபந்நியாசங்களிலும் அதைத்தான் சொல்வார்கள். அந்த அம்மையாரைப் பற்றி எண்ணியதில்லை. சேக்கிழார் பெருமான் அவருடைய பெயரைக்கூடச் சொல்லவில்லை. அவரும் அத்தனை ஆண்டும் அடுப்பு மூட்டினார், மண் பிசைய நீர் மொண்டு கொடுத்திருப்பார், வந்த அடியவருக்கு அமுது படைத்தார். அவர் பிடித்துக்கொண்ட ஆணை எதன்மேல்? நஞ்சின்மேல். விழுங்கினால் உள்ளே இருக்கும் உலகங்கள் அழியும், உமிழ்ந்தால் வெளியே இருப்பவை அழியும் என்று இறைவன் தொண்டையில் நிறுத்திக்கொண்ட நஞ்சு அது. அம்மையாரும் அப்படித்தான் வைத்திருந்தார் போலும்.

இறைவன் சிவயோகியாக வந்து, ஓர் ஓட்டைக் கொடுத்து, வைத்திரு, கேட்கும்போது தா என்றார். அதை மாயமாய் மறைத்தார். திரும்பி வந்து கேட்டார். வேறு நல்ல ஓடு தருகிறேன் என்றார் குயவர். நான் கொடுத்த மண்ணோடுதான் வேண்டும், பொன்னால் ஆனதைத் தந்தாலும் வேண்டேன் என்றார் யோகி. வழக்கு தில்லைவாழ் அந்தணர் அவைக்குப் போயிற்று. மனைவியின் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்பது தீர்ப்பு. கையைப் பற்ற இயலாதே! மூங்கில் தண்டு ஒன்றின் இரு முனைகளையும் இருவரும் பிடித்தனர். யோகி ஒப்பவில்லை, கையைப் பிடி என்றார். வேறு வழியின்றி நாயனார் தாம் முன்பு செய்ததையும், மனைவியார் ஆணையிட்டதையும், அதுவரை ஊர் அறியாதிருந்த அனைத்தையும் எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டு மூழ்கினார். இளமையுடன் எழுந்தனர் இருவரும்.

கோயிலுக்கு முன்னே இருக்கும் குளம்தான் அது. கரையில் வந்து அமர்ந்தோம். வெயில் இன்னும் ஏறவில்லை. கீழ்ப்படியில் ஒரு பெண் பூக்கூடையை நனைத்துக்கொண்டிருந்தாள். நான் அர்ச்சகர் தந்த விபூதிப் பொட்டலத்தைக் கையில் வைத்து மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

மூழ்குவதற்கு முன் அவர் எல்லோரும் கேட்கச் சொன்னார் என்னும் அந்த ஒரு செய்தியில்தான் என் மனம் மாட்டிக்கொண்டது. முதலில் சொன்னார், பிறகுதான் மூழ்கினார். சொல்லாமலே மூழ்கி எழுந்திருக்கக் கூடாதா?

"அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கே போன் வந்தது" என்றேன்.

அவள் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதைச் சொல்கிறேன் என்று கேட்கவில்லை.

"ஆள் அனுப்பியிருக்கலாம். பத்து நிமிஷ தூரம். அனுப்பவில்லை. குழந்தைகளை வைத்துக்கொண்டு தனியாகப் போவாயே என்று நினைத்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. நீ அழுதுகொண்டு வங்கி வாசலில் வந்து நின்றால் நானும் எழுந்து போக வேண்டியிருக்கும். கணக்கு நிற்கும். மேலிடத்தில் என்ன சொல்வார்களோ என்று பயந்தேன். அதுதான்."

சொல்லி முடித்தபோது நா வறண்டுவிட்டது. வேறு எவரும் கேட்கவில்லை. கீழே பூக்கூடைக்காரப் பெண் மட்டும். அவள் எங்கள் பக்கம் திரும்பவும் இல்லை.

நெடுநேரம் கழித்து என் மனைவி பேசினாள். "நீங்கள் மத்தியானமே சொல்லியிருந்தாலும் நான் உடனே போயிருக்க மாட்டேனோ என்னவோ. சின்னவனுக்கு அன்றைக்கு நூற்று இரண்டு ஜுரம். அவனை விட்டுவிட்டும் போக முடியாது, தூக்கிக்கொண்டும் போக முடியாது. அதை எத்தனையோ முறை நானே யோசித்துப் பார்த்துவிட்டேன்."

எனக்கு ஜுரம் நினைவில்லை. அவள் சொல்லித்தான் தெரிந்தது.

"ஆனால் போவதா இருப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவள் நான். அப்பா என்னுடையவர். அதைத்தான் நீங்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள்."

"ஆம்" என்றேன். வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை. மன்னித்துவிடு என்ற சொல் வாய் வரை வந்தது. அதைச் சொன்னால் அவள் சரி என்று சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டாயத்தையும் ஏன் அவள் தலையில் வைக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

"அந்த நாலு புள்ளிக் கோலம் அப்பா சொல்லிக்கொடுத்தது" என்றாள். "அம்மா பிரசவத்துக்குப் போயிருந்தபோது வாசல் வெறுமையாய் இருக்கக்கூடாது என்று அவரே என் கையைப் பிடித்துப் போடவைத்தார். அவருக்கு அது ஒன்றுதான் தெரியும்."

சற்று நேரம் சென்று, தலையில் நீர் தெளித்துக்கொள்ள வேண்டும், கீழே இறங்கலாம் என்றாள். படிகளில் பாசி படிந்திருந்தது. நான் முன்னே இறங்கி, அவள் பிடித்துக்கொள்ளட்டும் என்று கைத்தடியை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் என்ன செய்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். சிரித்துவிட்டாள். "தடி வேண்டாம், கையைக் கொடுங்கள். தடியை ஊன்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேரும் மூழ்க வேண்டியதுதான்" என்றாள். பூக்கூடைக்காரப் பெண் இப்போது நிமிர்ந்து பார்த்து, "பார்த்து இறங்குங்கம்மா, மூணாவது படி ஆடும்" என்றாள். மூன்றாவது படி உண்மையாகவே ஆடியது.

நீர் தெளித்துக்கொண்டு மேலேறினோம். இளமை திரும்பியது என்று எழுதினால் அன்பர்கள் நகைப்பீர்கள். முழங்கால் வலி இருமடங்காகத்தான் திரும்பியது. விடுதி வரை ஆட்டோவில் சென்றோம். மதியம் அவள் நன்றாக உறங்கினாள். நான் உறங்கவில்லை.

இரவு அர்த்தசாம பூஜைக்கு மறுபடியும் பெரிய கோயிலுக்குப் போனோம். மணிகள் ஒலிக்கத் தொடங்கியபோது அவள் முந்தைய நாளைப்போலவே கண்ணை மூடிக்கொண்டாள். இம்முறை எனக்கு எரிச்சல் வரவில்லை. வெளியே வரும்போது, கண்ணை மூடிக்கொண்டு என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன். முன்பு ஒருபோதும் கேட்டதில்லை. "ஊன்றிய கால், தூக்கிய கால், விரித்த கை. எத்தனை புள்ளி வைத்தால் அந்தக் கம்பி அறுபடாமல் முடியும் என்று போட்டுப் பார்ப்பேன். இதுவரைக்கும் வரவில்லை" என்றாள். ஆயிரங்கால் மண்டபத்தின் பக்கமாக நடந்தோம். சேக்கிழார் பெருமான் அடியார் சரிதங்களைப் பாடியது அங்கே அமர்ந்துதான் என்பார்கள். முதற்சொல்லை அவருக்கு இறைவனே எடுத்துக் கொடுத்தான் என்பது மரபு. மற்ற சொற்களை அவர்தாம் தேட வேண்டியிருந்திருக்கும்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் பரணிலிருந்து டைரிகளை இறக்கச் சொன்னேன். வேலைக்கு வரும் பெண் ஏறி எடுத்துக் கொடுத்தாள். 1995 முதல் நான் ஓய்வு பெற்ற 2017 வரை இருபத்து மூன்று டைரிகள். அதன்பின் வங்கி டைரி வராததால் கடையில் வாங்கிய கோடிட்ட நோட்டுகள். ஒவ்வொன்றாகத் துடைத்து மார்ச் 31ஐத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே நான்கு புள்ளி. ஒரே ஓர் ஆண்டில் மட்டும், 2009இல், அந்தக் கோலத்துக்கு அருகில் ஒரு சிறு குறிப்பு இருந்தது: 'இன்று இவர் சீக்கிரம் வந்துவிட்டார்.' ஏன் சீக்கிரம் வந்தேன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அவளைக் கேட்டேன். "தலைவலி என்று வந்தீர்கள். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன்" என்றாள்.

மார்கழியில் மீதமிருந்த நாட்களில் நானும் அவளுடன் ஐந்து மணிக்கு எழுந்தேன். அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கள் கதவுக்கு முன்னே இருப்பது நான்கடி இடம்தான். கோலத்துக்குக் குனிய என் முழங்கால் இடந்தராது. ஆகவே நாற்காலி போட்டு அமர்ந்து, அவள் சொல்லும் எண்ணிக்கைக்கு நான் மாவைக் கிள்ளிப் புள்ளி வைப்பது என்று ஏற்பாடாயிற்று. முதல் நாள் ஏழுக்கு நான்கு இடைப்புள்ளி. கவனமாக எண்ணி வைத்தேன். அவள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"எண்ணிக்கை சரியாக இருக்கிறதா?" என்றேன்.

"எண்ணிக்கை சரி. வரிசை ஒன்றும் நேராக இல்லை" என்று சொல்லி, ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மறுபடி வைக்கச் சொன்னாள்.